போன் பில்லில் முளைத்த இரண்டு வரிகள்: 900 எண் சட்டம் எதுவரை காப்பாற்றும்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்காக வீட்டில் லேண்ட்லைன் வைத்திருக்கிறார். இந்த மாத பில்லில் இரண்டு வரி கூடுதலாக வந்திருக்கிறது. ஒன்று, பேர் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் "மாதாந்திரச் சேவை", 9.99 டாலர். மற்றது, 876 என்று தொடங்கும் எண்ணுக்கு நான்கு நிமிட அழைப்பு. "இந்த மாதிரி நிமிடத்துக்குக் காசு பிடிக்கிற நம்பருக்கெல்லாம் கட்ட வேண்டாம், லைனையும் வெட்ட முடியாது, சட்டமே இருக்கு" என்கிறார் நண்பர். அது சரியா?

பாதி சரி. அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம்தான். ஆனால் அது 900 என்று தொடங்கும் எண்களுக்கு. உங்கள் பில்லில் 900 எங்கேயும் இல்லை. அதனால் இரண்டு வரிக்கும் வேறு வேறு வழி தேட வேண்டும். இருந்தாலும் அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற இரண்டும் புரியாது. மோசடிக்காரர்கள் அதிலிருந்து தப்பித்து ஓடிய வழியில்தான் உங்கள் இரண்டு வரிகளும் முளைத்திருக்கின்றன.

நான் யார் இதைச் சொல்ல? தொண்ணூறுகளின் பின்பாதியில் இங்கே ஒரு தொலைபேசி கம்பெனியின் பில்லிங் பிரிவுக்குக் கோபால் எழுத வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். (கோபால் என்றால் ஆள் பெயர் இல்லை, பழைய கணினி மொழி. அம்மா கடைசிவரை என் மேனேஜர் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.) முதல் ஒன்றரை வருஷம் என் தலையில் விழுந்தது, பில்லில் 900 அழைப்புகள் அச்சாகும் பகுதி.

900 எண் பிரபலமானது 1980-ல். கார்ட்டரும் ரீகனும் மோதிய தேர்தல் விவாதம் முடிந்ததும், வென்றது யார் என்று ஏபிசி தொலைக்காட்சி மக்களையே போன் போட்டுச் சொல்லச் சொன்னது. அழைப்புக்கு 50 சென்ட். சுமார் 7 லட்சம் பேர் கூப்பிட்டார்கள். இதில் காசு இருக்கிறது என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு ஜோசியம், விளையாட்டு ஸ்கோர், அரட்டை லைன், வயதுவந்தோர் சமாச்சாரம் என்று பெருகியது.

இதன் சூட்சுமம் வசூலில் இருந்தது. ஜோசியம் சொல்கிறவருக்கு உங்கள் பெயரும் தெரிய வேண்டாம், முகவரியும் வேண்டாம், கார்டு எண்ணும் வேண்டாம். நீங்கள் டயல் செய்தால் போதும். தொலைபேசி கம்பெனி உங்கள் மாத பில்லில் அதைச் சேர்த்து வசூலித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவரிடம் கொடுத்துவிடும். மளிகைக் கடைக்காரர் பாக்கி கேட்டால் அடுத்த வாரம் என்று சொல்லலாம். போன் பில்லை அப்படிச் சொல்ல முடியாது, கட்டாவிட்டால் லைன் போய்விடும். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். கார்ட்டூன் நேரத்தில் குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்தவர்களும் உண்டு. ரிசீவரை டிவிக்குப் பக்கத்தில் பிடி என்பார்கள். டிவியிலிருந்து வரும் டோனே எண்ணை டயல் செய்துவிடும்.

1992 அக்டோபரில் தொலைபேசிக் கட்டண வெளிப்படைத்தன்மை, தகராறு தீர்வு பற்றிய சட்டம் வந்தது. அதன் கீழே எஃப்டிசி எனப்படும் மத்திய வர்த்தக ஆணையம் போட்ட விதி 1993 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சேவை நடத்துகிறவர்களும் பில் போடுகிறவர்களும் எஃப்டிசியின் விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். தொலைபேசி கம்பெனிகளுக்கு எஃப்சிசி, அதாவது மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், தனியாக விதி போட்டது.

அந்த விதியில் எனக்குப் பிடித்த இடம், அழைப்பின் தொடக்கத்தில் வரும் இலவச அறிவிப்பு. 900 எண்ணைக் கூப்பிட்டதும் நேராக ஜோசியர் வந்துவிடக் கூடாது. நடத்துவது யார், என்ன சேவை, மொத்தம் எவ்வளவு அல்லது நிமிடத்துக்கு எவ்வளவு, 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும் என்பது, இவ்வளவையும் முதலில் சொல்லியாக வேண்டும். சொல்லி முடித்த பின் ஒரு ஒலி. அந்த ஒலிக்குப் பிறகு மூன்று விநாடிக்குள் போனை வைத்துவிட்டால் ஒரு சென்ட் கூட ஏறக் கூடாது. மீட்டர் ஓடத் தொடங்குவதே அதற்கப்புறம்தான். நீங்கள் வைத்த நொடியில் அது நிற்கவும் வேண்டும். மொத்தக் கட்டணம் 2 டாலரைத் தாண்டாத அழைப்புக்கு இந்த அறிவிப்பு கட்டாயமில்லை. அடிக்கடி கூப்பிடுகிறவர்கள் ஒரு பட்டனை அழுத்தி அறிவிப்பைத் தாண்டிப் போக வழி வைக்கலாம். ஆனால் விலையை ஏற்றினால், அடுத்த 30 நாளுக்காவது அந்தக் குறுக்குவழியை மூடிவைக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர்தான் புது விலையைக் கேட்காமல் தாண்டிப் போவார் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

விளம்பரத்துக்கும் இதே கண்டிப்பு. விலையைத் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும், எழுத்து எண்ணின் அளவில் பாதிக்குக் குறையக் கூடாது. பரிசுப் போட்டி என்றால், ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு, காசு கொடுக்காமல் கலந்துகொள்ள என்ன வழி என்றும் சொல்ல வேண்டும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைக் குறிவைத்து 900 சேவையே நடத்தக் கூடாது, உண்மையான கல்விச் சேவைக்கு மட்டும் விலக்கு. டிவி டோன் டயல் செய்யும் வித்தைக்கும் தடை.

இனி என் பக்கம், அதாவது பில். 900 கட்டணங்களைச் சாதாரண அழைப்புகளோடு கலக்கக் கூடாது, தனிப் பகுதியில் காட்ட வேண்டும். தேதி, நேரம், எத்தனை நிமிடம், என்ன வகைச் சேவை, எவ்வளவு, விசாரிக்க ஒரு கட்டணமில்லா எண், இவை எல்லாம் இருக்க வேண்டும். கூடவே சில வாக்கியங்கள் கட்டாயம்: இவை தொலைபேசிச் சேவைக்கான கட்டணங்கள் அல்ல. இவற்றைக் கட்டாததற்காக உள்ளூர் அல்லது தொலைதூர இணைப்பைத் துண்டிக்க முடியாது, ஆனால் சேவை நடத்துகிறவர் வசூல் ஏஜென்சியை அனுப்பலாம். கேட்டால் 900 எண்களை அடைத்துத் தருவோம். நியாயமான பாக்கியைக் கட்டாவிட்டால் 900 வசதியை நாங்களே அடைப்போம்.

இந்த நான்கு வாக்கியங்களால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சில வாடிக்கையாளர்களுக்கு இவை சேர்ந்ததும் பில் ஒரு தாள் கூடிவிடும். தாள் கூடினால் எடை கூடும், எடை கூடினால் தபால் செலவு கூடும். "இதை இன்னும் பொடியாக அடிக்க முடியாதா?" என்று மாதம் ஒருவர் வந்து கேட்பார். ஒருநாள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இரண்டாவது ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அனுப்பினார்கள். வயதான ஒரு பெண்மணி பேசினார். பேரன் கூப்பிட்டிருக்கிறான், நூறு டாலருக்கு மேல் வந்திருக்கிறது, கட்டக் காசில்லை, லைன் போய்விட்டால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் பேசுவேன் என்று குரல் நடுங்கியது. ஊழியர் சொன்ன முதல் வாக்கியம், "அம்மா, இதுக்காக உங்க லைனை வெட்ட மாட்டோம்." மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. கட்டணத்தைக் கழித்து, 900-ஐ அடைத்து, ஆறு நிமிடத்தில் முடித்தார்கள். எழுத்தைப் பொடியாக்கச் சொன்னவர்களிடம் அதன்பிறகு நான் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பதில் சொன்னேன்.

தகராறு செய்வதற்கும் நாள் கணக்கு உண்டு. அந்தக் கட்டணம் முதலில் வந்த பில்லை அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நீங்கள் ஆட்சேபிக்க வேண்டும். மார்ச் 5-ல் அனுப்பிய பில் என்றால் மே 4 வரை. போனில் சொன்னால் போதுமா, எழுதித்தான் தர வேண்டுமா என்பதை பில்லிலேயே போட்டிருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்று போட்டுவிட்டால், நீங்கள் வாயால் சொன்னதையே முறையான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டும், "எழுதித் தரவில்லையே" என்று பிறகு நழுவ முடியாது. 40 நாளுக்குள் புகார் கிடைத்ததாக எழுத்தில் சொல்ல வேண்டும், அதற்குள் தீர்த்துவிட்டால் தேவையில்லை. இரண்டு பில் சுழற்சிக்குள், எப்படியும் 90 நாளைத் தாண்டாமல், ஒன்று திருத்த வேண்டும் அல்லது விசாரித்துவிட்டு ஏன் சரி என்று எழுதித் தர வேண்டும். அதுவரை அந்தத் தொகையை நீங்கள் நிறுத்திவைக்கலாம். அதைக் கேட்டு நச்சரிக்கவும் கூடாது, உங்கள் கிரெடிட் பற்றித் தவறாக எங்கும் சொல்லவும் கூடாது. இந்த நடைமுறையைப் பில் போட்டவர் மீறினால், அழைப்புக்கு 50 டாலர்வரை வசூலிக்கும் உரிமையையே இழக்கிறார், கட்டணம் உண்மையில் சரியாக இருந்தாலும்கூட. கிரெடிட் கார்டு தகராறுகளுக்கான 1974 சட்டத்தின் அச்சில் வார்த்தது இது. அதில் எழுதித்தான் தர வேண்டும் என்பது ஒரு வித்தியாசம்.

நண்பர் விட்டுவிட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். லைனை வெட்ட முடியாது என்பதும் காசு கட்ட வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. அறிவிப்பைக் கேட்டு, ஒலிக்குப் பிறகும் இருந்து, அரைமணி நேரம் ஜோசியம் கேட்டிருந்தால் அது உண்மையான கடன்தான்.

சரி, இவ்வளவு நல்ல சட்டத்திலிருந்து எப்படித் தப்பித்தார்கள்? சட்டம் எதைப் பிடிக்கும் என்பதற்கு அதிலேயே ஒரு வரையறை இருக்கிறது. 900 எண் வழியாக வர வேண்டும், அழைப்பைக் கொண்டுசெல்லும் சாதாரணக் கட்டணத்துக்கு மேலே தனிக் கட்டணம் இருக்க வேண்டும். 900 இல்லாத எண்ணாக, சாதாரண அழைப்புக் கட்டணம் போலவே தெரியும்படி காசு பார்த்துவிட்டால் விதி தொடாது. முதலில் 800 எண்களை முயன்றார்கள், இலவசம் என்று நம்பிக் கூப்பிட்டவரிடம் கட்டணம் போட்டார்கள். முன்கூட்டியே ஒப்பந்தம் இல்லாமல் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அதை அடைத்தார்கள். 1996-ன் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும் என்று இறுக்கியது. பிறகு வெளிநாட்டு எண்கள்.

வெளிநாட்டு அழைப்பில் நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பகுதி, அழைப்பை அங்கே வாங்கி முடித்துவைக்கும் தொலைபேசி கம்பெனிக்குப் போகிறது. சில சின்ன நாடுகளுக்கு அந்தக் கட்டணம் அதிகம். அங்கே ஒரு கம்பெனியுடன் "அழைப்பு கொண்டுவருகிறேன், பங்கு கொடு" என்று பேசிவைத்தால் போதும், 900 எண்ணின் வேலையை எந்த அறிவிப்பும் ஒலியும் இல்லாமல் செய்யலாம். 1997-ல் இதன் உச்சம் நடந்தது. இலவசப் படம் பார்க்க இந்த மென்பொருளை இறக்குங்கள் என்றார்கள். அது, அன்றைக்குப் போன் லைன் வழியாகக் கணினியை இணையத்தோடு இணைத்த மோடமின் சத்தத்தை அடக்கி, உள்ளூர் இணைய இணைப்பை அறுத்து, மால்டோவா நாட்டு எண்ணுக்கு டயல் செய்தது. அந்தத் தளத்தை விட்டு வெளியேறினாலும் இணைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. எஃப்டிசி வழக்குப் போட்டு, ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. மோசடி என்ற பொதுச் சட்டத்தில்தான் பிடித்தார்கள், 900 விதியில் அல்ல.

உங்கள் 876 இந்த வம்சம். 876 ஜமைக்கா. அமெரிக்கா, கனடாவோடு கரீபியன் தீவுகள் பலவும் ஒரே எண் திட்டத்தில் இருப்பதால், வெளிநாட்டுக்கான 011 போடாமலேயே கூப்பிடலாம், பார்க்க உள்நாட்டு எண் மாதிரியே இருக்கும். 809 டொமினிக்கன் குடியரசு, 473 கிரெனடா, 268 ஆன்டிகுவா. ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். யாரோ கூப்பிட்டார்களே என்று நீங்கள் திருப்பிக் கூப்பிட்டால் மீட்டர் அங்கே ஓடும். 2019 டிசம்பரில் வந்த சட்டத்தில் இந்த ஒரு ரிங் மோசடிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதைத் தொடர்ந்து, இப்படிப்பட்ட எண்களிலிருந்து வரும் அழைப்புகளைத் தொலைபேசி கம்பெனிகள் தடுக்கலாம் என்று எஃப்சிசி விதி போட்டது. ஆனால் வீட்டிலிருந்து ஒருவர் திருப்பிக் கூப்பிட்டுவிட்டால், பில் அளவில் அது சாதாரண வெளிநாட்டு அழைப்பு. 900 விதியின் 60, 40, 90 நாள் கணக்கு இங்கே பொருந்தாது. தொலைபேசி கம்பெனியிடம் நயமாகக் கேளுங்கள், முதல் முறை என்றால் பெரும்பாலும் கொஞ்சமாவது கழிப்பார்கள். அது அவர்கள் காட்டும் தயவு, உங்கள் உரிமை அல்ல என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள், குரலை உயர்த்தினால் காரியம் கெடும். வெளிநாட்டு அழைப்புகளையே அடைத்துவிடச் சொல்லலாம். ஊருக்கு இணையத்தில்தான் பேசுகிறீர்கள் என்றால் ஒரு நஷ்டமும் இல்லை.

9.99 வேறு ஜாதி. நீங்கள் கேட்காத மூன்றாம் கம்பெனிக் கட்டணத்தை பில்லில் திணிப்பது. இங்கே இதற்கு கிராம்மிங் என்று பெயர். 900-க்குப் பூட்டுப் போட்டதும், "டயல் செய்யவே வேண்டாம், நாமே ஏதோ ஒரு பெயரில் மாதச் சந்தா போட்டுவிடலாம்" என்று வந்தவர்கள். தொகை வேண்டுமென்றே சின்னதாக இருக்கும். தானாகக் கட்டும் ஏற்பாடு வைத்திருப்பவர் வருஷக்கணக்கில் பார்க்கவே மாட்டார். 2011-ல் அமெரிக்க செனட் குழு ஒன்று தோண்டிப் பார்த்தது. அதற்கடுத்த வருஷம் பெரிய லேண்ட்லைன் கம்பெனிகள் இப்படிப்பட்ட மூன்றாம் நபர் கட்டணங்களில் பெரும்பகுதியை நிறுத்துவதாக அறிவித்தன. செல்போனில் அதே கூத்து தொடர்ந்தது. 2014-ல் ஏடி அண்ட் டி 10.5 கோடி டாலருக்கும் டி-மொபைல் குறைந்தது 9 கோடி டாலருக்கும், 2015-ல் வெரிசான் 9 கோடிக்கும் ஸ்பிரின்ட் 6.8 கோடிக்கும் அரசோடு சமரசத் தீர்வு செய்துகொண்டன. வாடிக்கையாளர் ஒப்புதல் இல்லாமல் பில்லில் கட்டணம் ஏற்றக் கூடாது என்பதை 2018-ல் எஃப்சிசி தனி விதியாகவே எழுதிவைத்தது.

ஆக, இந்த வரியில் நீங்கள் தைரியமாகப் பேசலாம். அந்தப் பேர் தெரியாத கம்பெனியைக் கூப்பிட்டு மல்லுக்கட்ட வேண்டாம். "உங்கள் அம்மா ஒரு படிவம் நிரப்பியிருக்கிறார்" என்று கதை சொல்லி, பெயரையும் பிறந்த தேதியையும் உங்களிடமே வாங்கிக்கொள்வார்கள். பில் போட்டது உங்கள் தொலைபேசி கம்பெனி, அவர்களிடமே பேசுங்கள். அதற்கு முன் பழைய பில்களை எடுத்து, இது எந்த மாதம் தொடங்கியது என்று பாருங்கள், முதல் மாதம் இதுவாக இருக்காது என்பது என் சந்தேகம். எல்லா மாதத்தையும் கழிக்கச் சொல்லுங்கள், மூன்றாம் நபர் கட்டணத்தை அடைக்கச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே அதையே இரண்டு வரியில் எழுதியும் அனுப்பிவிடுங்கள். மறுக்கும் தொகையைத் தவிர மீதி பில்லைக் குறித்த நாளில் கட்டிவிடுங்கள், அதையும் சேர்த்து நிறுத்தினால் உங்கள் பக்கம் ஓட்டை விழும். இணக்கத்துக்கு வராவிட்டால் எஃப்சிசி தளத்தில் இலவசமாகப் புகார் போடலாம். அது கம்பெனிக்குப் போனால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், வாடிக்கையாளர் சேவையில் மூன்று வாரம் நகராத கோப்பு அந்தப் புகார் போன மறுநாள் வேறொரு மேசைக்கு மாறும். எஃப்டிசியிலும் பதிவு செய்யுங்கள், ஆனால் அவர்கள் தனி ஒருவரின் பணத்தை வாங்கித் தர மாட்டார்கள், வழக்குக்காகத் திரட்டி வைப்பார்கள். மாநிலத்துப் பொதுச்சேவை ஆணையமும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் அடுத்த படி. இந்த வகை பாக்கிக்காக லைனை வெட்டலாமா கூடாதா என்பது மாநில விதியைப் பொறுத்தது, அதையும் அந்த ஆணையத்திடமே கேட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்று சாயங்காலமே ஒரு வேலை இருக்கிறது. வெறும் மிஸ்டு கால் மோசடி என்றால் பெரும்பாலும் யாராவது ரிங்கையோ இசையையோ கேட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். உங்கள் பில்லில் நான்கு நிமிடம் இருக்கிறது. 876-லிருந்து வயதானவர்களிடம் "லாட்டரி விழுந்திருக்கிறது, வரியை மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்று பேசும் மோசடி இங்கே ரொம்பப் பழையது. அப்பாவிடமும் அம்மாவிடமும் திட்டாமல், பில்லை மூடிவைத்துவிட்டு, யார் பேசினார்கள், என்ன கேட்டார்கள், கார்டு எண்ணோ வங்கி விவரமோ சொன்னீர்களா என்று கேளுங்கள். சொல்லியிருந்தால் தொலைபேசி கம்பெனி நாளைக்குக் காத்திருக்கட்டும், முதல் போன் வங்கிக்கு.